லினக்ஸ் குழுவில் உங்கள் வீட்டு அனுபவத்தைப் பகிர்வது எப்படி

கணினி இயங்குதளமான லினக்ஸை 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எப்படித் தொடங்கினார் என்று தெரிந்துகொள்ள, சிங்கப்பூரில் யாரும் சனிக்கிழமை பிற்பகலில் எம்ஆர்டி ரயில் ஏறி லினக்ஸ் குழுக் கூட்டத்துக்கு வருவதில்லை. "நீங்க இதை வச்சு என்ன செய்றீங்க?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். அதற்குப் பதில் சொல்ல நிபுணராக இருக்க வேண்டியதில்லை, வீட்டிலோ கடையிலோ லினக்ஸில் ஓடுகிற ஒரு வேலை இருந்தால் போதும்.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். "வீட்டில் சர்வர் வைத்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் போனைப் பார்க்கப் போய்விடுவார்கள். "அம்மா போனில் எடுக்கிற படமெல்லாம் ராத்திரி 2 மணிக்குத் தானாக ஹார்ட் டிஸ்கில் போய்ச் சேர்ந்துவிடும்" என்று சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். யாருக்கு, என்ன தொல்லை, முன்பு எப்படிச் சமாளித்தீர்கள், இதை முதல் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

அப்புறம், எது கெட்டுப்போனது என்று சொல்லுங்கள், அதுவும் விரிவாக. எனக்கு நடந்ததையே சொல்கிறேன். யீஷூனில் அம்மா வீட்டில் டிவி அலமாரிக்குப் பின்னால் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு வீடு துடைத்தபோது ஹார்ட் டிஸ்க் வயர் கழன்றுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. படங்களை நகலெடுக்கிற ஆர்சிங்க் நிரல் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும், அதாவது கணினியோடு இணையாவிட்டாலும், அதற்கென்று வைத்த காலிக் கோப்புறை அந்தக் குட்டிக் கணினியின் எஸ்டி கார்டில் இருக்கும் அல்லவா, படமெல்லாம் அதற்குள் விழுந்து விழுந்து, 32 ஜிபி கார்டு நிரம்பி, கடைசியில் ராஸ்பெரி பை படுத்தேவிட்டது.

இப்போது என் ஸ்கிரிப்டின் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பின்) முதல் வரியே, டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று பார்க்கிற மவுண்ட்பாயிண்ட் கட்டளைதான், டிஸ்க் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். இதைக் கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணன், "தம்பி, டிஸ்கைக் கழற்றிட்டு அந்தக் காலிக் கோப்புறைக்கு chattr +i கட்டளையைப் போட்டுப் பூட்டி வைங்க, அதை எடுக்கிற வரைக்கும் எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டே நினைச்சாலும் அதில எழுத முடியாது" என்றார். எனக்கு அது தெரியாது. என் தவறைச் சொன்னதால்தான் அது கிடைத்தது, ஓடுகிறதை மட்டும் காட்டியிருந்தால் அவர் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்.

செய்து காட்டப் போகிறீர்களா? கூட்டம் நடக்கிற இடத்து வைஃபையை நம்பாதீர்கள். பொது வைஃபை பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கம் கேட்கும், திரையே இல்லாத ராஸ்பெரி பை அதை எப்படி நிரப்பும்? போன் ஹாட்ஸ்பாட்டில் முந்தின நாளே இணைத்துப் பாருங்கள். கட்டளை தட்டுகிற டெர்மினல் திரையின் எழுத்தைக் கடைசி வரிசைக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்குங்கள். குடும்பப் படங்களைத் திறக்க வேண்டாம், பத்துப் பூப் படம் போட்ட சோதனைக் கோப்புறை போதும். ஆர்சிங்கை முதலில் டிரை ரன்னில், அதாவது எதையும் நகலெடுக்காத ஒத்திகையாக, ஓட்டி, எது எங்கே போகப்போகிறது என்று காட்டிவிட்டு, பிறகு நிஜமாக ஓட்டுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு நம்பிக்கை வருவதே அந்த இடத்தில்தான்.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதால் பழைய லேப்டாப்போடு வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) நல்லது என்ற சண்டையை ஆரம்பிக்காமல், எதையும் நிறுவாமல் யூஎஸ்பியிலிருந்து லைவ்வாக பூட் செய்து வைஃபை, ஒலி, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழர்கள் வந்திருந்தால் லினக்ஸில் தட்டச்சுக்கு உதவுகிற ஐபஸ் மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து அவர்கள் பெயரை அவர்களையே தட்டச்சு செய்ய விடுங்கள். 1997இல் கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு நடந்த ஊர் இது, இங்கே ஒருவர் தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாமல் திரும்பிப் போகக் கூடாது.

பேசி முடித்ததும் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிக் கொடுங்கள். கடவுச்சொல், ஐபி முகவரி எதுவும் அதில் இருக்கக் கூடாது. உடனே கிளம்பியும் விடாதீர்கள். கூட்டத்தில் கை தூக்கக் கூச்சப்பட்டவர் கீழே கோப்பிக்கடையில் தேதாரே டீக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "அந்த முதல் வரியை இன்னொரு தடவை காட்டுங்களேன்" என்பார்.