அலாஸ்காவின் பனியாறுகளுக்குக் கப்பலில் செல்வது எப்படி?

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரம், நூற்றுக்கணக்கான தீவுகளுக்கு நடுவே செல்லும் நீர்வழியை இன்சைடு பாசேஜ் என்கிறார்கள். அங்குள்ள ஜூனோ மாநிலத் தலைநகரமாக இருந்தும் வெளியூர்களோடு அதை இணைக்கும் சாலை கிடையாது. அந்த நிலப்பகுதியைக் காணக் கப்பலே இயல்பான வழி.

பயணச்சீட்டு வாங்குமுன் கப்பலின் வசதிகளை அல்ல, அது செல்லும் வழியைப் பாருங்கள். பயண நிரலில் பனியாறுகள் சூழ்ந்த விரிகுடாவான கிளேசியர் பே தேசியப் பூங்கா இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு நாளில் இரண்டு பெரிய பயணக் கப்பல்களை மட்டுமே அந்த விரிகுடாவுக்குள் விடுகிறார்கள் என்பதால், இதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது விசா. வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்வதை 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. ஆகவே அமெரிக்க நகரமான சியாட்டிலில் புறப்படும் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவைத் தொட்டுவிட்டுத் திரும்புகின்றன; மற்றவை கனடாவின் வான்கூவர் நகரிலிருந்தே கிளம்புகின்றன. விசா தேவைப்படுவோர் இரு நாடுகளுக்கும் அதைப் பெறுவதோடு, அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்றும் பார்க்க வேண்டும். அவசர மருத்துவ விமானச் செலவை ஏற்கும் காப்பீடும் அவசியம்.

பருவம் மே முதல் செப்டம்பர் வரை. மே மாதத்தில் மழை குறைவு, மலைகளில் வெண்பனியும் மிச்சமிருக்கும். கூனல் முதுகுத் திமிங்கிலங்களைக் காண ஜூலையும் ஆகஸ்டும் நல்லவை. எந்த மாதமானாலும் மழைக்கு ஆயத்தமாகவே செல்லுங்கள். நனைந்த பருத்தி உடை எளிதில் காயாது, உடல் சூட்டையும் காக்காது. எனவே மெல்லிய கம்பளி உடைகளை அடுக்கடுக்காக அணிந்து, மேலே நீர் புகாத மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள். தொலைநோக்கி ஆளுக்கொன்று வேண்டும். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

விரிகுடாவுக்குள் நுழையும் நாளில் பனியாறு வரட்டும் என்று அறைக்குள் காத்திருக்காதீர்கள். 1794-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரின் குழுவினர் வந்தபோது இந்த விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனியாற்றால் மூடப்பட்டிருந்தது. இன்று அந்தப் பனி சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கியுள்ளது. ஆகையால் வாயிலருகே முதிர்ந்த ஸ்புரூஸ், ஹெம்லாக் எனும் ஊசியிலை மரங்களின் காடும், உள்ளே செல்லச் செல்ல இளைய ஆல்டர் புதர்களும், கடைசியில் வெறும் பாறையும் என, காடு பிறந்த கதையைப் பின்னோக்கிப் பார்த்தபடியே செல்கிறோம். இதற்கு ஈடான காட்சி அந்தப் பயணத்தில் வேறில்லை. பூங்காக் காவலர்கள் கப்பலில் ஏறி விளக்கம் தருவார்கள். இது பூர்வகுடிகளான ஹூனா டிலிங்கிட் மக்களின் முன்னோர் வாழ்ந்த மண் என்பதையும் அந்தக் காவலர்கள் வழியே அறியலாம்.

விரிகுடாவின் உட்கோடியிலுள்ள மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் மெல்லத் திரும்பி நிற்கும். பால்கனி அறை இல்லையே என்ற கவலை வேண்டாம். திறந்த மேல்தளத்தில் இருபுறமும் தெரியும். பனிச்சுவர் உடையும் ஓசை, காட்சிக்குப் பிறகே காதை எட்டும். சத்தம் கேட்டுத் திரும்பினால் பாதி விழுந்திருக்கும். எனவே சிறு துண்டுகள் உதிரத் தொடங்கிய இடத்திலேயே பார்வையை நிறுத்தி, பேசாமல் காத்திருங்கள்.