உழவுக் கருவி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தர்மபுரிச் செம்மண்ணை முன்வைத்து

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் செம்மண்ணே மிகுதி. பல இடங்களில் அதனோடு சரளையும் கலந்திருக்கும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் கல்டிவேட்டர் ஓட்டிய நிலத்தில், இளகிய மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய தட்டு ஒன்று உருவாகியிருக்கும். அதை உடைக்க உளிக்கலப்பை செய்யும் பட்டறைகள் பலவும் டிராக்டரின் குதிரைத்திறனிலிருந்து கணக்கைத் தொடங்குகின்றன, மண்ணிலிருந்து தொடங்குவதில்லை.

அதனால் நேரும் பெரிய தவறு, கொழுவின் (மண்ணைக் கீறும் இரும்பு முனையின்) அகலத்தை மறந்து ஆழத்தை மட்டும் கூட்டுவது. குறுகிய கொழு நகரும்போது ஓர் எல்லை வரைதான் மண் வெடித்து மேலெழும். அதற்குக் கீழே கொழு சென்றால், மண் மேலெழ வழியின்றிப் பக்கங்களில் நெரிபட்டு இன்னும் இறுகும். மண்ணின் தன்மைக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறினாலும், இந்த எல்லை தோராயமாகக் கொழுவின் அகலத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு ஆகும். பாலக்கோடு அருகே ஒரு நிலக்கடலைக் கொல்லையில், 5 செ.மீ. அகலக் கொழுவை 45 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி ஓட்டிவிட்டு, சாலுக்குக் குறுக்கே குழி வெட்டிப் பார்த்தோம். மேலே ஓரடி மண் நன்றாகப் பிளந்திருந்தது. அதற்குக் கீழே கொழு போன தடம், சோப்புக் கட்டியைக் கம்பியால் அறுத்ததைப் போல இருபுறமும் வழவழவென்று நின்றது. அந்தச் சுவரில் நகம்கூட இறங்கவில்லை. எரித்த டீசலில் பாதி மண்ணை இறுக்குவதற்கே செலவாகியிருக்க வேண்டும். கொழுவின் இருபுறமும் சிறகுபோல் தகடு பொருத்தினால் எல்லை இன்னும் ஆழத்துக்கு இறங்கும். இழுவிசை ஓரளவு கூடினாலும், உடைபடும் மண் அதைவிட அதிகமாகக் கூடும். கொழுக்களின் இடைவெளியையும் ஆழமே தீர்மானிக்க வேண்டும்: சிறகில்லாதவற்றுக்கு உழும் ஆழத்தைப் போல் 1 முதல் 1.5 மடங்கு, சிறகுள்ளவற்றுக்கு 1.5 முதல் 2 மடங்கு.

கொழு தரையோடு 20 முதல் 30 பாகை சாய்ந்திருந்தால் தானாகவே மண்ணுக்குள் இறங்கும். வெல்டிங் செய்ய வசதியாக இருக்கிறது என்று அதை நிமிர்த்தி வைத்தால் இழுவிசை வேகமாக ஏறும். புதுக் கொழுவின் கோணத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. சரளை மண்ணில் கொழுவின் அடிப்பாகம் தேய்ந்து தட்டையாகி, நுனி இறங்க மறுக்கும். அப்போது கலப்பையின் இரும்புச் சட்டத்தின் மேல் ஓட்டுநர் எடைக்காகப் பாறாங்கல்லை ஏற்றிக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பிப் போடக்கூடிய, இரண்டே போல்ட்டில் கழற்றத்தக்க கொழுவாக இருந்தால் கல்லுக்கு வேலையில்லை.

பாறையில் மோதும்போது கொழுவைத் தாங்கும் காலைக் காப்பது, விசை மிகுந்தால் தான் அறுந்துவிடும் ஷியர் போல்ட். 4.6 தரப் போல்ட்டுக்குக் கணக்கிட்ட துளையில், அது அடிக்கடி அறுகிறது என்று அதைவிட வலுவான 8.8 தரத்தைப் போட்டால், அறுவதற்குத் தேவையான விசை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். அடுத்த பாறையில் போல்ட் நிற்கும், கால் வளையும். விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பேன். நடுக்கொல்லையில் அவர் கையில் இருக்கும் போல்ட்டைத்தான் போடுவார். சட்டத்திலேயே நான்கு உதிரி போல்ட்டுகளைச் செருகி வைக்கத் துளையிட்டுத் தருவது வடிவமைப்பாளரின் பொறுப்பு.

சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரில் நேர்மாறான தவறு நடக்கிறது. கத்திகளைக் கூட்டி, சுழல்வேகத்தையும் ஏற்றி மண்ணை மாவாக்கினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கனமழையில் செம்மண் புழுதி மேலே ஓடுபோல் இறுகிவிடும். காற்றும் நீரும் உட்புகாது, கேழ்வரகு போன்ற சிறு விதையின் முளை அந்த ஓட்டைத் துளைக்க முடியாமல் மடங்கும். விதைக்குத் தேவையான பொலபொலப்போடு, இடையிடையே சிறு கட்டிகளும் மிஞ்சும்படி கத்தி எண்ணிக்கையையும் கியர் விகிதத்தையும் அமைக்க வேண்டும்.

சோதனை ஓட்டத்தை நல்ல பதமுள்ள ஒரே நிலத்தில் முடித்துக்கொள்ளவும் கூடாது. காய்ந்த நிலத்திலும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் உழப்போகும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள், 3 மி.மீ. தடிமனுக்குத் திரிபோல் உடையாமல் உருண்டால் அன்று ஈரம் அதிகம், எந்தக் கொழுவும் அங்கே மண்ணை வெடிக்க வைக்காது.