ஸ்டீராய்டு களிம்பு: எவ்வளவு, எங்கே, எத்தனை நாள்?

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில், ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு க்ரீம் டியூப் கிடக்கும். வால் பக்கம் பற்பசை போலச் சுருட்டப்பட்டிருக்கும். யார் வாங்கியது, எப்போது வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. கொசுக்கடியா, வேர்க்குருவா, பிள்ளையின் கன்னத்தில் சிவப்பா, எல்லாவற்றுக்கும் அதுதான். ஊருக்குப் போய் வருகிறவர்கள் முறுக்குப் பொட்டலத்தோடு இன்னும் இரண்டு வாங்கி வருவார்கள்.

என் முழங்கை மடிப்பில் எக்ஸிமா (தோல் சிவந்து, வறண்டு, அரிக்கும் அழற்சி) வந்து இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்குப் போனபோதுதான் அந்த க்ரீம், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து என்று தெரிந்தது. அன்றிலிருந்து பயம். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பையே கடுகளவு எடுத்துத் தடவினேன். ஒரு மாதமாகியும் அரிப்பு நிற்கவில்லை. மடிப்பு இரவெல்லாம் சொறிந்து தோலுரிந்து கிடந்தது. நான் மருத்துவர் அல்ல. ஆனால் இந்த இரண்டு தவறுகளையும் செய்து பார்த்தவள் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

படி 1: பெயரைப் படியுங்கள், எண்ணை நம்பாதீர்கள்

டியூபில் அச்சிட்டிருக்கும் சதவீதம் ஆளை ஏமாற்றும். ஹைட்ரோகார்ட்டிசோன் 1% மென்மையானது. குளோபெட்டசால் 0.05% இந்த வகையிலேயே மிக வலியது. எண்ணை மட்டும் பார்த்தால் குளோபெட்டசால் இருபதில் ஒரு பங்கு. வீரியத்திலோ கதை தலைகீழ். பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1%, மொமெட்டசோன் 0.1% ஆகியவை வலிய வகை. ஆகவே வீரியத்தை மருந்தின் பெயரை வைத்துத்தான் அறிய வேண்டும். தெரியாவிட்டால் மருந்தாளரிடம் டியூபைக் காட்டிக் கேளுங்கள்.

படி 2: இது எக்ஸிமாதானா என்று உறுதி செய்யுங்கள்

நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்று சுலபமாக வரும். அதில் ஸ்டீராய்டைத் தடவினால் இரண்டே நாளில் சிவப்பு மங்கும், அரிப்பு அடங்கும். குணமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் அடங்கியது உடலின் எதிர்ப்புதான். பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகக் கிளம்பும். வட்டமான விளிம்பும் கலைந்துபோய்விடுவதால் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்பது மருத்துவருக்கே கடினம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். ஊர்க் கடைகளில் கிடைக்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமிக்கொல்லியும் ஒன்றாகக் கலந்த க்ரீம்களால் வரும் வம்பு பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் விற்கும் சில ‘மூலிகை’ க்ரீம்களில், லேபிளில் சொல்லாமல் வலிய ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, சிங்கப்பூரில் மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. முகம் வெளுக்கும் என்று ஆசைகாட்டும் க்ரீம்களிலும் இந்த ஆபத்து உண்டு. மூன்று நாளில் அற்புதம் நிகழ்த்தும் எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

படி 3: எந்த இடம்?

உடம்பெங்கும் தோல் ஒரே தடிமன் இல்லை. ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்துச் செய்த பழைய அளவீடு ஒன்றில், முன்கையைவிட நெற்றி ஏறக்குறைய 6 மடங்கும், விதைப்பை 40 மடங்குக்கு மேலும் மருந்தை உறிஞ்சியது. அதனால்தான் உள்ளங்கைக்குக் கொடுத்த களிம்பை முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. முகம், கண்ணிமை, அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றுக்கு மருத்துவர் தனியாகச் சொன்னதை மட்டுமே போடுங்கள். குழந்தையின் டயப்பர் பகுதியில் இன்னும் கவனம் தேவை; மேலே பொத்தி மூடியிருப்பதால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும்.

படி 4: விரல்நுனி அளவு

‘சிறிதளவு தடவவும்’ என்ற வாசகம்தான் என்னைக் கெடுத்தது. எது சிறிது? ஓர் அளவுகோல் இருக்கிறது. பெரியவரின் ஆள்காட்டி விரலை நீட்டுங்கள். நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை டியூபிலிருந்து ஒரே கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். ஒட்டிவைத்த விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைகளின் பரப்புக்கு அது போதும். குழந்தைக்குத் தடவினாலும் அளவெடுப்பது பெரியவரின் விரல்தான்; பரப்பையும் உங்கள் கையை வைத்தே கணக்கிடுங்கள்.

என் கணக்கு இது: இரண்டு முழங்கை மடிப்பிலும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்பு. ஒரு வேளைக்கு அரை கிராம். தினம் இரு வேளை என்றால் ஒரு வாரத்துக்கு 7 கிராம். 15 கிராம் டியூப் இரண்டு வாரத்தில் தீர வேண்டும். என் டியூப் நான்கு மாதமாகியும் பாதி தீரவில்லை. குணமாகாததில் என்ன வியப்பு?

படி 5: தடவும் முறை

கை கழுவி, ஈரம் ஒற்றி, முடி வளரும் திசையில் மெல்லத் தடவுங்கள். சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம். ஈரப்பதமூட்டும் க்ரீமும் போடுகிறவர்கள் இரண்டுக்கும் இடையில் அரை மணி நேரம் விடுவது நல்லது. எது முதலில் என்பதில் ஆளுக்கொரு கருத்து. நான் ஈரப்பதமூட்டியை முதலில் போடுகிறேன். மருத்துவர் சொல்லாமல் மேலே பிளாஸ்டிக் உறை சுற்றக் கூடாது.

படி 6: நாளை எண்ணுங்கள்

டியூபைத் திறந்த தேதியை மூடிக்கு அருகே பேனாவால் எழுதிவிடுவேன். வலிய வகைகளைப் பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போடுவதில்லை. முகத்துக்கு இன்னும் குறைவு. சிலருக்கு, தோல் சீரான பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போடச் சொல்வார்கள். அது மருத்துவர் வகுக்கும் திட்டம், நாமாக நீட்டிக்கொள்வதல்ல.

படி 7: பக்க விளைவுகளைக் கவனியுங்கள்

முதல் சில நாள் லேசாக எரிவது சகஜம். ஆனால் தோல் சிகரெட் தாள்போல மெலிந்து பளபளப்பது, சிவந்த இரத்தக்குழாய் இழைகள் தெரிவது, வாயைச் சுற்றிப் பருக்கள் கிளம்புவது, நிறம் வெளிறுவது ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் போங்கள். மெலிந்த தோல் பெரும்பாலும் தேறும். அக்குளிலும் தொடையிலும் விழும் வரித் தழும்புகள் மறைவதில்லை. கண்ணருகே நெடுநாள் தடவினால் கண் அழுத்தம் கூடலாம். பார்வை மங்கினால் காத்திருக்க வேண்டாம்.

மாதக்கணக்கில் முகத்தில் வலிய களிம்பு போட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால், சில நாளிலோ சில வாரத்திலோ முகம் செக்கச்செவேலென்று எரியக்கூடும். அப்போது பயந்து பழைய டியூபையே மறுபடி எடுப்பார்கள். சுழல் அங்கேதான் தொடங்குகிறது. எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், ஊரிலிருந்து வந்தவை உட்பட. நான் ஐந்து கொண்டுபோனேன். மருத்துவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, மூன்றைத் தம் மேசைக்கு அடியில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டார். அதில் ஒன்று ஊறுகாய்ப் பாட்டிலின் பக்கத்து வாசி.