அக்யுரேட், பிரிசைஸ்: வீட்டுத் தராசில் வித்தியாசம் காண்பது எப்படி?

இரண்டையும் ‘துல்லியம்’ என்றே சொல்லிப் பழகியதால், ஆய்வக அறிக்கை எழுதும் மாணவர்கள்கூட மாற்றி எழுதிவிடுகிறார்கள். அளவு உண்மை மதிப்பை ஒட்டி இருந்தால் அக்யுரேட். திரும்பத் திரும்ப அளக்கும்போது அளவுகள் ஒன்றையொன்று ஒட்டி வந்தால் பிரிசைஸ். அவை உண்மை மதிப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தாலும் சரி.

டிஜிட்டல் தராசைச் சமமான, கெட்டியான மேடையில் வைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். மளிகைக் கடையில் முத்திரை பதித்த 500 கிராம் எடைக்கல்லை இரவல் வாங்கி 5 முறை நிறுங்கள். ஒவ்வொரு முறையும் கல்லை எடுத்துவிட்டு, திரையில் 0 வந்தபின் மறுபடி வைக்க வேண்டும். எடுக்காமலே திரையைப் பார்த்து எழுதினால் அது ஒரே ஓர் அளவுதான்.

512, 513, 512, 512, 513 என்று வந்தால் தராசு பிரிசைஸ், ஆனால் அக்யுரேட் அல்ல. இதைச் சரிசெய்யலாம். ஆனால் அவசரப்பட்டு எல்லா எடையிலும் 12 கிராம் கழிக்காதீர்கள். 200 கிராம், 1 கிலோ கற்களையும் வைத்துப் பாருங்கள். 205, 1024 என்று காட்டினால் பிழை எடையோடு சேர்ந்து வளர்கிறது. காட்டும் எடையை 1.024-ஆல் வகுக்க வேண்டும். கேலிபரேஷன் வசதி இருந்தால், கையேட்டில் சொன்ன எடையை வைத்துத் திருத்துவதே நல்லது.

491, 509, 498, 507, 496 என்று வந்தால் கதை வேறு. சராசரி 500.2, ஆனால் எந்த ஓர் அளவையும் நம்ப முடியாது. கழித்தும் கூட்டியும் இதைத் திருத்த முடியாது. பேட்டரி இறங்கியிருக்கிறதா, கால் ஆடுகிறதா, தட்டு எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். இந்தத் தராசைச் சிலர் அக்யுரேட் என்பார்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 5725 என்ற தரநிலைப்படி அப்படிச் சொல்லக்கூடாது: அங்கே அக்யுரேட் என்பதற்குச் சராசரியும் சரியாக இருக்க வேண்டும், சிதறலும் குறைவாக இருக்க வேண்டும்.

திரையில் 512.4 என்று புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் தெரிவது இரண்டுக்குமே சான்றல்ல. அது ரெசொல்யூஷன், அதாவது திரை காட்டக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம், மட்டுமே.

ரத்த அழுத்தக் கருவியிலும் இதே சிக்கல் வரும். கைக்குச் சிறியதான பட்டையைக் கட்டினால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் கூடுதலாகவே காட்டும். மூன்று முறை ஒரே மாதிரி வந்ததே என்று நம்பிவிடாமல், கையின் சுற்றளவை அளந்து அதற்கேற்ற பட்டையை மாற்றுங்கள்.