முடிந்த புத்தகத்தை முதல் நாளிலேயே தேடாதீர்கள்: யூத மதத்தின் தொடக்க காலத்தைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

கி.மு. 407. எகிப்தின் தென்கோடியில், இன்றைய அஸ்வானுக்கு எதிரே நைல் நதியின் நடுவில் இருக்கும் எலிஃபன்டைன் தீவிலிருந்து ஒரு கடிதம் புறப்படுகிறது. பாரசீகப் பேரரசுக்காக எல்லைக் காவல் பார்த்த யூதப் படைவீரர்களின் குடியிருப்பு அந்தத் தீவில் இருந்தது. அவர்களின் தலைவர் யெதோனியாவும் குருமாரும் யூதேயாவின் ஆளுநர் பகோகிக்கு எழுதுகிறார்கள். க்னூம் என்ற எகிப்தியத் தெய்வத்தின் பூசாரிகள் தூண்டிவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் கோயிலை இடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரட்டு என்ற துக்கத் துணி உடுத்தி உபவாசம் இருக்கிறோம். எண்ணெய் பூசுவதில்லை, திராட்சை ரசம் குடிப்பதில்லை, எங்கள் மனைவிமார் விதவைகளைப் போல இருக்கிறார்கள். கோயிலைத் திரும்பக் கட்ட உதவுங்கள். இதுதான் கடிதத்தின் சாரம். எருசலேமின் பிரதான ஆசாரியருக்கு முன்பே எழுதினோம், பதில் வரவில்லை என்ற மனத்தாங்கலும் அதில் இருக்கிறது.

பைபிள் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடிதம் ஒரு அதிர்ச்சி. உபாகமம் 12-ஆம் அதிகாரத்தின்படி, கடவுள் தெரிந்துகொண்ட ஒரே இடத்தில்தான் பலி செலுத்த வேண்டும். இவர்களோ தங்கள் ஊரில் தனிக் கோயில் வைத்திருந்தார்கள். அதைக் கட்டித்தரும்படி எருசலேமிடமே கேட்கிறார்கள், எந்தத் தயக்கமும் இல்லாமல்! அந்தத் தீவில் கிடைத்த ஓட்டுச் சில்லுகளில் பஸ்கா, ஓய்வுநாள் ஆகிய சொற்கள் வருகின்றன. ஆனால் அங்கே கிடைத்த அத்தனை ஆவணங்களிலும் மோசேயின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை, பைபிளின் முதல் ஐந்து புத்தகங்களான தோராவைப் பற்றியும் பேச்சே இல்லை. காணிக்கைப் பட்டியல் ஒன்றில் யாகோவுக்கு, அதாவது இஸ்ரவேலின் கடவுளான யாவேக்கு, வசூலான பணத்தோடு, ஏஷெம்-பெத்தேல், ஆனாத்-பெத்தேல் என்ற வேறு இரண்டு பெயர்களுக்கும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இவர்கள் வழிதவறிப்போன யூதர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடத் தோன்றும். அங்கேதான் முதல் தவறு தொடங்குகிறது. பின்னால் உருவாகி முடிந்த புத்தகத்தை முன்னால் கொண்டுபோய் வைத்து, அதை வைத்து அந்தக் கால மனிதர்களை அளக்கிறோம். நான் பார்த்தவரை இந்தத் துறையில் நாம் செய்யும் மற்ற தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பெயர்களில் நேரும் குழப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபிரகாமையும் மோசேயையும் யூதர் என்று சாதாரணமாக எழுதிவிடுகிறோம். யூதா என்ற தென்னாட்டின் பெயரிலிருந்து வந்த சொல்தான் யூதர். வடக்கே இருந்த இஸ்ரவேல் அரசு கி.மு. 722 வாக்கில் அசீரியர்களிடம் வீழ்ந்தது. தெற்கே யூதா கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர்களிடம் வீழ்ந்து, எருசலேம் ஆலயம் எரிந்தது. அதற்குப் பிறகு, மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சிறையிருப்பிலும், கி.மு. 515-இல் எழுந்த இரண்டாம் ஆலயத்தின் காலத்திலும்தான் யூத மதம் என்று நாம் அறிந்த வடிவம் மெல்லத் திரண்டது. அதற்கு முந்தியவர்களை இஸ்ரவேலர், யூதா நாட்டார் என்று சொல்வதே சரி.

அடுத்தது, முதல் நாளிலிருந்தே ஒரே கடவுள் கொள்கை இருந்தது என்ற எண்ணம். சீனாய்ப் பாலைவனத்தில் குன்டில்லெட் அஜ்ருத் என்ற இடத்தில் கி.மு. 800-ஐ ஒட்டிய பெரிய ஜாடிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் 'சமாரியாவின் யாவேயும் அவருடைய அஷேராவும்' உங்களை ஆசீர்வதிப்பதாக எழுதியிருக்கிறது. அஷேரா என்பது தேவியா, மரத்தாலான வழிபாட்டுச் சின்னமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் தீர்க்கதரிசிகள் காற்றோடு சண்டை போடவில்லை. அவர்கள் கண்டித்த வழக்கங்கள் ஊருக்குள் உயிரோடு இருந்தன. அதனால்தான் அவர்கள் குரலில் அவ்வளவு சூடு.

யார் எழுதியது, எப்போது எழுதியது என்ற கேள்விக்கு வந்தால், இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். ஐந்து ஆகமங்களையும் கடைசி எழுத்து வரை மோசேயே எழுதினார் என்பது ஒரு பக்கம். உபாகமத்தின் கடைசி அதிகாரத்தில் மோசே இறக்கிறார், அடக்கம் செய்யப்படுகிறார், அவருடைய குழி எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது என்றும் வருகிறது. இதை நவீன அறிஞர்கள்தான் கண்டுபிடித்துக் கேட்டார்கள் என்று நினைக்காதீர்கள். யூத வேத அறிஞர்களான ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்று அங்கே ஒரு பதிலும் இருக்கிறது. கேள்வி கேட்பது அந்த மரபுக்குப் புதிதே அல்ல.

மறுபக்கம், எல்லாமே பாபிலோனில் உட்கார்ந்து கற்பனையாக எழுதியது என்கிறார்கள். 1979-இல் எருசலேமின் ஹின்னோம் பள்ளத்தாக்கை ஒட்டிய கேதெஃப் ஹின்னோமில் ஒரு கல்லறைக் குகையைத் தோண்டியபோது, சுருட்டி வைத்த இரண்டு சிறு வெள்ளித் தகடுகள் கிடைத்தன. கழுத்தில் கட்டிக்கொள்ளும் தாயத்துகள். பெரியதை விரித்தால்கூட நீளம் 10 சென்டிமீட்டருக்குள்தான். நொறுங்காமல் விரிக்க மூன்று வருடம் பிடித்தது. தலைமுடி கனத்தில் கீறிய எழுத்துகளைப் படித்தபோது, எண்ணாகமம் 6-இல் உள்ள ஆசாரியர்களின் ஆசீர்வாதத்தோடு ஒத்துப்போகும் வரிகள் தெரிந்தன: கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர். காலம், பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பில், முதல் ஆலயம் இடிவதற்குச் சற்று முன்பு. ஆக, பாபிலோனுக்குப் போகும் முன்பே அந்த வரிகள் மக்கள் கழுத்தில் தொங்கின. ஆனால் அதை வைத்து எண்ணாகமம் முழுவதும் அன்றே இருந்தது என்று எழுதிவிடக் கூடாது. தாயத்தில் இருப்பது ஒரு ஆசீர்வாதம் மட்டும்தான். பழைய வரிகளும், கி.மு. 622-இல் யோசியா ராஜாவின் காலத்தில் ஆலயத்தில் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் நியாயப்பிரமாண புஸ்தகம் போன்றவையும், சிறையிருப்பில் தொகுத்தவையும் அடுக்கடுக்காகச் சேர்ந்தே தோரா உருவானது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் அதிகம் பகிரும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்ததாக 1 இராஜாக்கள் 10-இல் வரும் மயிலுக்கு எபிரெயச் சொல் துக்கி. இது நம் தோகையிலிருந்து போனது என்று கால்டுவெல் காலத்திலிருந்தே சொல்கிறார்கள். நல்ல வாய்ப்புள்ள கருத்து, எனக்கும் பிடித்தது. ஆனால் இராஜாக்களின் புத்தகம் இன்றைய வடிவத்துக்கு வந்தது சாலொமோனுக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து. கடல் வணிகத்தோடு சொல் போயிருக்கலாம். சாலொமோனின் கப்பல் நம் கரையில் நங்கூரம் போட்டது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

சாக்கடல் சுருள்களைப் பற்றிப் பேசும்போது, மூலப் பிரதி கிடைத்துவிட்டது என்று எழுதுகிறார்கள். சாக்கடல் கரையிலுள்ள கும்ரான் பக்கத்துக் குகைகளில் 1940-களின் இறுதியிலிருந்து கிடைத்தவை பிரதிகள்தான். பிரதியின் பிரதி, அதன் பிரதி. ஆனாலும் அவற்றின் மதிப்பு சாதாரணமானது அல்ல. இன்று அச்சாகும் எபிரெய பைபிள்களில் பலவற்றுக்கு அடிப்படை கி.பி. 1008-ஐ ஒட்டி எழுதிய லெனின்கிராட் கையெழுத்துப் பிரதி. குகைச் சுருள்கள் நம்மை அங்கிருந்து ஆயிரம் வருடத்துக்கும் மேல் பின்னால் கூட்டிப்போகின்றன.

அதில் பெரிய ஏசாயா சுருளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தோலால் ஆனது, நீளம் 7 மீட்டருக்கு மேல், 54 பத்திகள். நாற்பதாம் அதிகாரத்தில் 'புல் உலர்ந்து பூ உதிரும்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை வர வேண்டும். எழுதியவர் ஒரு முறைதான் எழுதியிருக்கிறார். நடுவில் இருக்க வேண்டிய 'ஜனமே புல்' என்ற பகுதியும் இல்லை. பின்னால் வந்த இன்னொருவர், வேறு கையெழுத்தில், விடுபட்டதை வரிகளுக்கு நடுவே நெருக்கி எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக இறக்கியிருக்கிறார். ஒரே தொடர் இரண்டு முறை வந்ததால் கண் தாவிவிட்டது என்று விளக்கம் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஏசாயாவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அந்தப் பகுதி இல்லை! அப்படியானால் குறுகிய வடிவமும் பழையதாக இருக்கலாம், நீண்டது பின்னால் வளர்ந்ததாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். வித்தியாசம் கண்டாலே பிழை என்று முடிவு கட்டுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் கைவசம் இல்லை. எரேமியாவின் கதையும் இப்படித்தான்: கிரேக்கத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு, அதிகாரங்களின் வரிசையும் வேறு. கும்ரானில் அந்தக் குறுகிய வடிவத்தை ஒத்த எபிரெயத் துண்டும் கிடைத்தது, நீண்ட வடிவமும் கிடைத்தது. ஒரே சமூகம் இரண்டையும் வைத்துப் படித்தது.

சரி, எந்தெந்தப் புத்தகம் வேதம் என்று யார் முடிவு செய்தது? கி.பி. 90 வாக்கில் யாவ்னே என்ற ஊரில் ரபிகள் கூடி, ஒரு சங்கத்தில் பட்டியலை மூடினார்கள் என்று பாடநூல்களில்கூட வரும். இது 19-ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிக் கிரேட்ஸ் என்ற வரலாற்றாசிரியர் முன்வைத்த ஊகம். அப்படி ஒரு தீர்ப்புச் சபை கூடியதற்கு ஆதாரம் இல்லை என்பதே இப்போது பெரும்பாலோர் நிலை. கி.பி. 70-இல் ஆலயம் இடிந்த பிறகு யாவ்னேயில் கல்வி மையம் இருந்தது, அங்கே விவாதங்கள் நடந்தன என்பது மட்டும் உண்மை. உன்னதப்பாட்டும் பிரசங்கியும் 'கையைத் தீட்டுப்படுத்துமா' என்று ரபிகள் வாதாடியதை அவர்களின் வாய்மொழி மரபின் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்திருக்கிறது. இங்கே தமிழில் படிப்பவர்கள் சறுக்கிவிடுவார்கள். தீட்டு என்றால் புத்தகம் கெட்டது என்று பொருள் இல்லை. கையைத் தீட்டுப்படுத்தும் நூல்தான் புனித நூல். ரபி அகிவா அந்த விவாதத்தில் கொதித்துப்போய், உன்னதப்பாட்டு கொடுக்கப்பட்ட நாளுக்கு முழு உலகமும் ஈடாகாது என்கிறார்.

யூதர்களின் தனாக்கும் நம் கையில் இருக்கும் பழைய ஏற்பாடும் ஒன்றுதானே என்பார்கள். புராட்டஸ்டண்ட் பைபிளில் 39 என்று எண்ணப்படுபவையே அங்கே 24. ஆனால் வரிசை வேறு. தானியேல் அங்கே தீர்க்கதரிசிகளோடு இல்லை, எழுத்துகள் என்ற மூன்றாம் பகுதியில் இருக்கிறது. நம்முடையது மேசியாவை எதிர்நோக்கும் மல்கியாவோடு முடியும். தனாக் பெரும்பாலும் நாளாகமத்தோடு, எருசலேமுக்குத் திரும்பிப் போகலாம் என்ற பாரசீக ராஜா கோரேசின் அழைப்போடு முடியும். அதே புத்தகங்களை வைத்து இரண்டு சமூகங்களும் சொல்லும் கதை வேறுவேறு.

இன்னும் ஒரு தவறு மனதை உறுத்துவது. தேவாலயப் பேச்சில் பரிசேயன் என்றால் வெளிவேஷக்காரன் என்று ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. சுவிசேஷங்களில் ஒரு சண்டையின் சூட்டில் வந்த சொற்களை வைத்து, பரிசேயர் என்ற அந்தக் கால யூத இயக்கத்தையே எடைபோட முடியாது. பலியும் பீடமும் போன பிறகு, ஜெபத்தையும் படிப்பையும் வீட்டுப் பந்தியையும் வைத்து ஒரு மதம் பிழைத்ததில் பரிசேயர்களின் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு. கி.பி. 200 வாக்கில் யூதா ஹநாசி தொகுத்த மிஷ்னாவும், அதன்மேல் பல தலைமுறைகள் நடத்திய விவாதமான தல்மூதும் அந்த வழியில் வந்தவை.

தல்மூதைச் சட்டப் புத்தகம் என்று நினைத்துத் திறப்பவர்கள் முதல் பக்கத்திலேயே திணறுவார்கள். நடுவில் மிஷ்னாவும் அதன்மேல் நடந்த வாதமும், ஒரு ஓரத்தில் 11-ஆம் நூற்றாண்டின் ராஷி எழுதிய உரை, மறு ஓரத்தில் அவருடைய பேரன்மார் தலைமுறை தொடங்கிய எதிர்க்கேள்விகள். அதிலிருந்து ஒரு வரியைப் பிய்த்து எடுத்து, யூதர்கள் இதைத்தான் நம்புகிறார்கள் என்று போடுவது மிகப் பெரிய அநியாயம். அந்த வரி தோற்றுப்போன தரப்பின் வாதமாகக்கூட இருக்கலாம். தோற்றவரின் கருத்தை ஏன் எழுதி வைக்க வேண்டும் என்று மிஷ்னாவே ஒரு இடத்தில் கேட்கிறது. பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்று, அதன்மேல் சாய்ந்து தீர்ப்பு சொல்ல விரும்பலாம் என்பது அங்கேயே வரும் பதில்.