சிசிடிவி கேமரா வாங்கும்போது டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கோயிலில் உண்டியல் உடைக்கப்பட்ட மறுநாள் காலையில், ஊர்ப் பெரியவர்களுடன் அமர்ந்து இரவுப் பதிவைப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் மண்டபத்துக்குள் வருவதும், உண்டியல் முன் குனிவதும், சிறிது நேரத்தில் வெளியேறுவதும் தெளிவாகத் தெரிந்தன. முகம் மட்டும் வெண்மையாகக் கலங்கியிருந்தது. கேமரா புதியது, விலையும் குறைவில்லை. ஊரார் சேர்த்த காணிக்கை போனதைவிட, செலவு செய்து பொருத்திய கேமரா உதவாமல் போனதே அவர்களை அதிகம் வருத்தியது.

வாங்குவோர் கடையில் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். அதற்கு முன், எவ்வளவு தூரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டும். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐ.இ.சி. 62676-4 என்னும் பன்னாட்டுத் தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் (பிக்சல்கள்) வேண்டும் என்றது. ஆள் நடமாட்டம் உண்டா என்று மட்டும் அறிய 25 போதும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 2.8 மி.மீ. லென்ஸ், 10 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 20 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் கொண்டுவருவதால், 1920 புள்ளி அகலமுள்ள 2 மெகாபிக்சல் கேமராவில் ஒரு மீட்டருக்கு நூறு புள்ளிகூடக் கிடைப்பதில்லை. 4 மெகாபிக்சலுக்கு மாறினாலும் படத்தின் அகலம் 2560 புள்ளிகள்தான். மீட்டருக்கு 130ஐத் தாண்டாது. அதே 2 மெகாபிக்சல் கேமராவில் 8 மி.மீ. லென்ஸ் இருந்தால், அந்தத் தூரத்தில் சுமார் 7 மீட்டர் அகலம் மட்டும் தெரியும், மீட்டருக்கு 270 புள்ளிகள் கிடைக்கும். ஆகவே, ரைஸ் மில் களம் முழுவதையும் பார்க்க ஒரு அகலக் கேமராவும், லாரி நுழையும் வாயிலில் முகம் பார்க்க ஒரு குறுகிய கேமராவும் என இரண்டாகப் பிரித்து வாங்குவதே சரி. முகம் பார்க்கும் கேமராவைப் பதினைந்து அடி உயரத்தில் மாட்டினால் உச்சந்தலைதான் பதிவாகும். ஏழெட்டு அடி போதுமானது.

இரவு வெளிச்சத்தைப் பகலில் யாரும் யோசிப்பதில்லை. இருட்டில் படம் எடுக்கக் கேமரா வீசும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரிலோ தூணிலோ பட்டுத் திரும்பினால், அதன் வெண்மைக்கு ஈடுகொடுக்க கேமரா தன் ஒளியைக் குறைத்துக்கொள்ளும், தூரத்தில் நிற்பவர் இருளில் மறைந்துவிடுவார். இரவிலும் வண்ணப் படம் தரும் வெள்ளை விளக்குக் கேமராக்கள் நகரத் தெருவுக்கு நல்லவை. சம்பா வயலை ஒட்டிய வீட்டிலோ, ஐப்பசி கார்த்திகையில் பூச்சிகள் மொய்த்து, அவற்றைத் தேடிச் சிலந்தியும் லென்ஸ் முன்னால் வலை கட்டிவிடும். அத்தகைய இடங்களில் விளக்கைக் கேமராவிலிருந்து தள்ளித் தனியாக மாட்டுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

மழைக்கு ஐபி66 அல்லது ஐபி67 என்னும் பாதுகாப்புத் தரக்குறியீடு தேவை. ஆனால் அந்த எண் தூசியையும் தண்ணீரையும் பற்றியது, உப்புக்காற்றைப் பற்றியதன்று; வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் திருகாணிகள்தாம் முதலில் துருப்பிடிக்கின்றன. கேமராவுக்குள் புகாத தண்ணீர், வெளியே தொங்கும் ஒயர் இணைப்பில் புகும் என்பதால், இணைப்புகளை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

மின்சாரத்தில் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறு ஒன்றுண்டு: படங்களைச் சேமிக்கும் பதிவுப் பெட்டியை இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டு, கேமராக்களின் அடாப்டரை நேர் மின்சாரத்தில் விட்டுவிடுவார்கள். மின்தடையின்போது பெட்டி மட்டும் விழித்திருக்கும், கேமராக்கள் அணைந்திருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அவ்வளவு நாளுக்கு எந்த பேட்டரியும் தாங்காதுதான், ஆயினும் அன்றாட மின்தடையைத் தாங்க இரண்டையும் ஒன்றாக இணைத்தாக வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கைக் கணக்கிட்டு வாங்குங்கள். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியும் நான்கு கேமராக்கள் நாளொன்றுக்கு 86 ஜிபி நிரப்பும். 1 டிபி பதினோரு நாளில் நிறைந்து, பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும். நெல் மூட்டை குறைந்ததை மாதக் கடைசிக் கணக்கில்தான் கண்டுபிடிக்கும் மில்லுக்கு இது போதாது. பதிவுப் பெட்டியை மேசை மேல் வைப்பதும் தவறு, திருடுபவர் அதையும் எடுத்துப்போகலாம்.

கேமராவுடன் வரும் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது வெளியாரை உள்ளே அழைப்பதாகும். 2016இல் மிராய் என்னும் தீநிரல் (மால்வேர்), இணையத்தின் வழியே, மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே ஏராளமான கேமராக்களைக் கைப்பற்றியது. பெட்டியின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். நேரம் தவறிய பதிவை வழக்கில் காட்டும்போது, அந்த வேறுபாட்டை விளக்கவே பெரும்பாடு படவேண்டியிருக்கும்.

மீதிப் பணம் கொடுப்பதற்கு முன், இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு ஒருவரை நடக்கச் சொல்லி, நேரலையைப் பார்த்து நிறைவடையாமல், பதிவை எடுத்துப் பாருங்கள். அந்தக் கோயிலில் 8 மி.மீ. கேமராவைத் தூணில் தாழ மாட்டிய இரவு, குருக்களையே தலையில் துண்டு கட்டி நடக்கச் சொன்னோம். பதிவை நிறுத்திப் பார்த்தபோது, அவர் நெற்றியிலிருந்த திருநீற்றுக் கோடுகள் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன.