வேறொருவர் பாதியில் விட்ட பல்லாங்குழியை முடிப்பது எப்படி?

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தேக்குப் பலகையில் பல்லாங்குழி குடைந்துகொண்டிருந்தபோதே காலமானார். 14 குழிகளில் 9 முடிந்திருந்தன. மற்ற 5 இடங்களில் பென்சில் வட்டங்கள் மட்டும். "நீயே முடித்துக்கொடு தம்பி" என்று அவர் மகள் என் கையில் கொடுத்தார். உளி பிடித்துப் பழகாதவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பலகையை இரண்டு வாரம் சும்மா வையுங்கள். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். மரம் அதற்கேற்ப உப்பும், சுருங்கும். எந்த அறையில் வேலை செய்வீர்களோ அங்கேயே வையுங்கள். குளிரூட்டிய அறைக்கும் தாழ்வாரத்துக்கும் மாற்றி மாற்றித் தூக்காதீர்கள்.

அடுத்து, முந்தையவரின் கையைப் படியுங்கள். இதற்கு அவசரமே கூடாது. ஒவ்வொரு குழிக்குள்ளும் கட்டைவிரலை ஓட்டினேன். ஆட்டக்காரர் பக்கச் சுவர் சரிவாகவும் எதிர்ப்பக்கம் செங்குத்தாகவும் இருந்தது. கோணல் என்று நினைத்து உப்புத்தாளை எடுத்துவிட்டேன். நல்லவேளை, ஒரு பிடி புளியங்கொட்டையைப் போட்டு அள்ளிப் பார்த்தேன். சரிவின் வழியே அத்தனையும் ஒரே இழுப்பில் விரலோடு வந்தன! ஒன்பது குழியிலும் ஒரே 'பிழை' இருந்தால் அது பிழையல்ல, செய்தவரின் முடிவு.

அந்த வடிவத்தை அட்டையில் பிடியுங்கள். முடிந்த குழிக்குள் அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, உட்சுவரோடு அச்சாகப் பொருந்தும்வரை கத்தரியுங்கள். அதில் ஆட்டக்காரர் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகையின் கனத்திலிருந்து குழியின் ஆழத்தைக் கழித்து, அடியில் எவ்வளவு மரம் மிஞ்சும் என்பதையும் பாருங்கள்.

இனிக் குடையலாம். பலகைக்கு அடியில் மடித்த துண்டு விரித்து, மேசையோடு இறுக்குங்கள். கீழ்வீட்டுக்குக் கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) சத்தம் குறையும். இரு கையும் உளியின் கூர்முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். வளைந்த வாயுள்ள உளியால், விளிம்பிலிருந்து நடுவை நோக்கியே செதுக்குங்கள். நடுவிலிருந்து மேலே ஏறினால் நார் பிய்ந்து வரும். சீவல் மெல்லிய சுருளாக வர வேண்டும். பொடியாக உதிர்ந்தால் உளியைச் சாணை பிடியுங்கள். ஆழத்துக்கு 2 மில்லிமீட்டர் இருக்கும்போதே நிறுத்தி, அட்டையை வைத்து வைத்து மெதுவாக இறங்குங்கள்.

120, 180, 240 என்ற வரிசையில் உப்புத்தாள் போதும் (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்). பழைய குழிகளுக்கு 240 மட்டும், லேசாக. பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். காய்ந்ததும் எழும்பி நிற்கும் நாரை மறுபடி 240ஆல் தடவுங்கள்.

மழையில்லாத பிற்பகலில், மரச்சாமான்களுக்கென விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நன்கு காய்ந்தபின் அடுத்த பூச்சு, மூன்று போதும். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடவே போடாதீர்கள். சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். நீரில் நனைத்துத் தரையில் விரித்துக் காயவிடுங்கள்.

அடிப்பக்கமும் பூச வேண்டும், இல்லாவிட்டால் பலகை வளையும். அங்கே பெரியவர் பென்சிலில் எழுதிய அளவுக் கணக்கு இருந்தது. அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் போடாமல் எண்ணெயை ஒற்றி எடுத்தேன். எழுத்து அழியவில்லை.